இரண்டாவது குழி

ஓய்வு பெற ஒரு வாரம் இருக்கும்போது நித்யா என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். எங்கள் லேபின் புது டெக்னீசியன் அவள். அதற்கு முந்தின மாதம்தான் குளிர்சாதனப் பெட்டி அளவில் ஒரு புது மெஷின் வந்து இறங்கியிருந்தது. ரத்தம் எடுத்த டியூபைச் செருகினால் போதும், மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும்.

"சார், இந்த ஏஎஃப்பி நோட்டுல ஒவ்வொருத்தருக்கும் எதுக்குங்க ரெண்டு நம்பர்? மெஷின்தான் எல்லாம் பாத்துக்குதே. இனியும் இதை எழுதோணுமுங்களா?"

"எழுதித் தர்றேன் கண்ணு" என்று சொல்லி அப்போதைக்குத் தப்பித்துக்கொண்டேன். அரைப் பக்கத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். அரைப் பக்கத்தில் எழுதினால் என்னுடைய பங்கை விட்டுவிட்டுத்தான் எழுத முடியும் என்று உட்கார்ந்த பிறகு தெரிந்தது.

நான் வெள்ளகோவில் பக்கத்துக்காரன். கோயம்புத்தூரில் படித்தேன், அரசு ஆஸ்பத்திரியில் தற்காலிகமாகக் கொஞ்ச நாள் இருந்தேன், பிறகு திருப்பூர் ராயபுரத்தில் இந்த லேபுக்கு வந்து முப்பது வருஷத்துக்குக் கிட்ட ஒரே ஸ்டூலில் உட்கார்ந்தேன். படிப்பைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான். என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்று உண்டு. பரிசோதனைத் தட்டின் சின்னக் குழியில் எழும்பும் மஞ்சள் நிறத்தைக் கண்ணால் பார்த்தே இன்ன அளவு இருக்கும் என்று சொல்லிவிடுவேன். நிறத்தை அளக்கும் ரீடர் மெஷின் பிறகு அதையேதான் பெரும்பாலும் சொல்லும். அந்தப் பெரும்பாலும்தான் என்னைக் கெடுத்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருஷங்கள் கழித்து டாக்டர் எஸ்தர் எங்களுக்குத் தலைவராக வந்தார். தாராபுரத்துப் பெண், என்னைவிட இருபது வயது இளையவர். வந்த வாரமே மூன்று சட்டம் போட்டார். பரிசோதித்தது போக மிச்சமுள்ள சீரத்தை, அதாவது ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரை, ஏழு நாள் ஃப்ரீசரில் வைக்க வேண்டும். நோட்டில் தப்பாக எழுதினால் வெள்ளை மை பூசக் கூடாது, ஒரே ஒரு கோடு போட்டு, அடியில் இருப்பது தெரியும்படி விட வேண்டும். மூன்றாவதுதான் எனக்குத் தொண்டையில் சிக்கிய முள். ஏஎஃப்பி கேட்டு வரும் சீட்டில் ஈரலில் கட்டி என்று இருந்தால், அந்த ரத்தத்துக்கு ஒரு குழி போதாது, இரண்டு குழி போட வேண்டும். ஒன்றில் அப்படியே, இன்னொன்றில் நூறு மடங்கு நீர்த்து.

ஏஎஃப்பி என்பது கருவில் இருக்கும் குழந்தையின் ஈரல் சுரக்கும் ஒரு புரதம். பிறந்த பிறகு அது ஏறக்குறைய இல்லாமல் போய்விடும். ஈரலில் புற்றுநோய் வந்தால் பலருக்கு அது மறுபடியும் தலை தூக்கும். அதனால்தான் அதைத் தேடுகிறோம்.

"ரெண்டு குழி எதுக்குங்க மேடம்? நார்மல்னா நார்மல்தானுங்களே" என்றேன், மரியாதையாகத்தான்.

"அண்ணா, தீபாவளிக்கு மொதநாளு பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருக்கீங்களா? மதுரை பஸ்சு வந்து நிக்கும். அம்பது பேரு வாசல்ல முட்டுவாங்க. அத்தனை பேரும் முட்டறதுனாலயே ஒருத்தராலயும் உள்ள ஏற முடியாது. பஸ்சுக்குள்ள எட்டிப் பாத்தா காலியா இருக்கும். காலியா இருக்குதுன்னு கூட்டமே இல்லைன்னு சொல்லிப் போடலாமுங்களா?"

நடப்பது அதுதான். குழியின் அடியில் ஒரு எதிர்ப்பொருள் ஒட்டியிருக்கும். நாம் ஊற்றும் மருந்தில் நிறம் தரக்கூடிய இன்னொரு எதிர்ப்பொருள் இருக்கும். நடுவில் நோயாளியின் புரதம் மாட்டிக்கொண்டு, இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாகப் பிடித்தால்தான் கழுவிய பிறகும் நிறம் நிற்கும். புரதம் அளவுக்கு மீறி இருந்தால் இரண்டும் தனித்தனியாக ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொள்ளும். கழுவும்போது நிறம் ஓடிவிடும். மிக அதிகமாக இருக்கும் ஆளுக்கு ஒன்றுமே இல்லை என்று முடிவு வரும். நீர்த்துப் பார்த்தால் கூட்டம் குறைந்து உண்மை வெளியே வரும்.

எனக்குப் புரிந்தது. ஆனால் இருபது வருஷத்தில் அப்படி ஒரு ஆளை நான் பார்த்ததில்லை. பார்க்காததை நம்புவது எனக்குக் கஷ்டம். முதுகுக்குப் பின்னால் அவருக்கு ரூல்ஸ் டாக்டர் என்று பேர் வைத்தேன்.

அந்தப் பேரை நானே வெட்கப்பட்டுக் கைவிட்டிருக்க வேண்டிய நாள் ஒன்று சீக்கிரமே வந்தது. ஒரு பனியன் கம்பெனியில் ரத்ததான முகாம் நடத்தினார்கள். எடுத்த ரத்தத்தில் சிலருக்கு ஹெபடைட்டிஸ் பி வைரஸ் இருந்தது. மறுபடி எங்களிடம் அனுப்பினார்கள், விவரமாகப் பார்த்தோம். வைரஸின் மேலுறைப் புரதம் இருந்தது. புதிதாகத் தொற்றும்போது உடம்பு செய்யும் எதிர்ப்பொருள் இல்லை, பழைய தொற்றுக்குரிய எதிர்ப்பொருள் இருந்தது. அதாவது பல வருஷமாக உடம்பில் தங்கியிருக்கும் வைரஸ். கம்பெனி மேனேஜர் பைக்கில் வந்து இறங்கினார்.

"ஏனுங்க மேடம், அந்த லிஸ்டைக் குடுத்துப் போடுங்க. யாராருக்கு இருக்குதுன்னு தெரிஞ்சா நாங்க பாத்துக்கறோமுங்க."

"எதைப் பாத்துக்குவீங்க?"

"கேன்டீன்ல எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்படறாங்க. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா..."

"கூடச் சாப்பிட்டா இது ஒட்டாதுங்க. தொட்டாலும் ஒட்டாதுங்க. ரத்தத்துல போகும், புருசன் பொண்டாட்டிக்குள்ள போகும், தாய்கிட்ட இருந்து பொறக்கற குழந்தைக்குப் போகும். ரிப்போர்ட் அவங்கவங்க கைலதானுங்க. உங்க கைல இல்லீங்க."

"டெஸ்டு எடுக்கச் சொன்னது நாங்கதானுங்க மேடம்!"

"ரத்தம் அவங்களதுங்க."

மேனேஜர் என்னைப் பார்த்தார். ஊர்க்காரன் ஒருத்தன் தனக்காகப் பேசுவான் என்று நினைத்திருப்பார். நான் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் போன பிறகு டாக்டர் ஒவ்வொருவரையும் தனித்தனியாக வரச்சொல்லி, ஆளுக்குக் கால் மணி நேரம் பேசினார். வைரஸ் சத்தமில்லாமல் இருக்கும், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஈரலை ஸ்கேன் எடுத்து, ஏஎஃப்பியும் பார்க்க வேண்டும் என்றார். வீட்டில் இருப்பவர்களுக்குப் பரிசோதனையும் தடுப்பூசியும் என்றார். அந்த ஆட்களில் ஒருவர் சுடலைமுத்து. திருநெல்வேலிப் பக்கம், கட்டிங் செக்‌ஷனில் துணி வெட்டுபவர். அவர் மனைவி பேச்சியம்மாள் இன்னொரு கம்பெனியில் செக்கிங் வேலை. அவருக்கும் பிள்ளைகளுக்கும் வைரஸ் இல்லை, தடுப்பூசி போட்டுக்கொண்டார்கள். சுடலைமுத்துவின் வேலை போகவில்லை. ஆனால் உடம்புக்கு ஒன்றும் இல்லாததால் ஆறு மாதம் என்பதை அவர் மறந்துவிட்டார்.

இரண்டு வருஷம் கழித்துக் காய்ச்சலோடும் வலது விலாவில் வலியோடும் அவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். எங்கள் லேபிலிருந்து இரண்டு தெரு தள்ளிய ஆஸ்பத்திரி அது. ஸ்கேனில் ஈரலில் பெரிய கட்டி தெரிந்தது. சீழ்க்கட்டியாகவும் இருக்கலாம், புற்றாகவும் இருக்கலாம். ஏஎஃப்பி கேட்டுச் சீட்டு வந்தது. சீட்டில் தெளிவாகக் கட்டி என்று எழுதியிருந்தது.

அன்று என்னிடம் இருந்த ஏஎஃப்பி பரிசோதனைப் பெட்டியில், அந்தக் கிட்டில், குழிகள் தீர்ந்துகொண்டிருந்தன. அளவு தெரிந்த மாதிரிகளை ஒப்பிட வைக்கும் குழிகள் போக, மற்ற ஆட்களுக்குப் போக, சுடலைமுத்துவுக்கு மிஞ்சியது ஒரே ஒரு குழி. புது கிட் மறுநாள் காலை கோயம்புத்தூரிலிருந்து வரும். ஒரு நாள் நிறுத்தி வைத்திருக்கலாம். அல்லது டாக்டரிடம் சொல்லியிருக்கலாம். நான் இரண்டும் செய்யவில்லை. சீரத்தை விட்டேன், நிற மருந்தை விட்டேன், அரை மணி நேரம் வைத்தேன், ஐந்து தடவை கழுவினேன், நிறம் எழுப்பினேன், அமிலம் விட்டு நிறுத்தினேன். இளமஞ்சள். கண்ணாலேயே சொன்னேன், நார்மல். ரீடரும் இயல்பு எல்லைக்குள் என்றே காட்டியது.

நோட்டில் 'நீர்த்துப் பார்த்தது' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் டிக் போட்டேன். செய்யாத வேலைக்கு டிக். டாக்டர் எஸ்தர் அந்த டிக்கைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் மதியம் இரண்டு மணிக்குப் பேச்சியம்மாள் வந்தார். கையில் ஒரு பொட்டலம் கருப்பட்டி மிட்டாய்.

"அண்ணாச்சி, ஒங்க ரிப்போட்டப் பாத்துட்டுதான் டாக்டர் சொன்னாவ, புத்து இல்லியாம், சீழ்தானாம். நாளைக்குக் காலைல ஊசியப் போட்டு டியூப் வச்சி எடுத்துருவாவளாம். நேத்து ராத்திரி பூரா நான் கண்ண மூடல. நீங்க நல்லா இருக்கணும் அண்ணாச்சி. எடுத்துக்கிடுங்க."

ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். அவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், நான் தின்பதைப் பார்ப்பதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். மிட்டாய் கரையவே இல்லை. சீழ் என்று நினைத்துப் புற்றுக்குள் ஊசியை விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். உள்ளே ரத்தம் கொட்டலாம். ஊசி போன வழியெல்லாம் புற்று இறங்கலாம். சீழாகவே இருக்கலாம், நூற்றுக்குத் தொண்ணூறு சீழாகவே இருக்கும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அந்தப் பத்து என்னை உட்கார விடவில்லை. அவர் தெருமுனை தாண்டுவதற்குள் டாக்டர் அறைக்குள் போனேன்.

"மேடம், சுடலைமுத்துவுக்கு ரெண்டாவது குழி போடலீங்க. டிக்கு மட்டும் போட்டுப் போட்டனுங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். என் முகத்தைப் பார்த்தார். திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"கிட்டு வந்துருச்சுங்களா?"

"காலைல வந்துருச்சுங்க."

"சீரம் ஃப்ரீசர்ல இருக்குதுங்களா?"

இருந்தது. இடத்தை அடைக்கிறது என்று நான் முணுமுணுத்துக்கொண்டே அடுக்கி வைத்த சீரம். அவருடைய மூன்றாவது சட்டத்தை மீறிய என்னைக் காப்பாற்ற அவருடைய முதல் சட்டம் காத்துக்கொண்டிருந்தது.

"நீங்களே போடுங்கண்ணா. பத்து, நூறு, ஆயிரம், பத்தாயிரம். நாலு படியும் போடுங்க."

சீரத்தை அளந்து விடும் பிப்பெட்டை என் கையிலிருந்து அவர் வாங்கியிருக்கலாம். பொய் சொன்ன கை அது. வாங்கவில்லை. பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், கையைக் கட்டிக்கொண்டார். ஒவ்வொரு படிக்கும் பிப்பெட்டின் நுனியை மாற்றினேன், ஒவ்வொரு குழாயையும் பத்துத் தடவை தலைகீழாக்கிக் கலந்தேன். பிள்ளையார் சுழி போட்டுப் பழகும் பையனைப் போல அவ்வளவு ஜாக்கிரதையாக இருபது வருஷத்தில் நான் வேலை செய்ததில்லை.

நிறம் எழும்பியது. நீர்க்காத குழி நேற்றுப் போலவே வெளிறிக் கிடந்தது. பத்து மடங்கு நீர்த்தது அதைவிட அழுத்தம். நூறு மடங்கு நீர்த்ததும் ஆயிரம் மடங்கு நீர்த்ததும் ரீடருக்கே எட்டாத மஞ்சள். பத்தாயிரத்தில்தான் அளக்கவே முடிந்தது. தண்ணீர் ஊற்ற ஊற்ற நிறம் கூடுவதை என் வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தேன். பயமாக இருந்தது. அழுகை வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

டாக்டர் நோட்டை எடுத்தார். என் டிக்கின் மேல் ஒரே ஒரு கோடு போட்டார், ஓரத்தில் தன் பெயரின் முதலெழுத்தை எழுதினார். டிக் இன்னும் தெரிந்தது. புது அறிக்கையை எழுதினார். 'முந்தைய முடிவு தவறு' என்று முதல் வரியிலேயே எழுதினார். நாலரை மணிக்கு இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்கு நடந்தோம். போகும்போது ஒன்று சொன்னார்.

"சர்ஜன்கிட்ட நான் சொல்லிக்கறேனுங்க. அந்தம்மாகிட்ட நீங்க சொல்லோணும்."

சர்ஜன் மூத்தவர், கோபக்காரர். அறிக்கையைப் படித்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா, நேத்து ஒண்ணு, இன்னிக்கு ஒண்ணா? லேப் நடத்தறீங்களா, லாட்டரி நடத்தறீங்களா?"

"நேத்து குடுத்தது தப்புங்க சார். ரெண்டாவது குழி போடாம விட்டுட்டோமுங்க. கையெழுத்து என்னுதுங்க."

விட்டுட்டோம் என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். என் பக்கம் ஒரு பார்வைகூட வரவில்லை. அந்த ஒரு சொல்லுக்காக நான் அவருக்குச் சாகும்வரை கடன்பட்டவன். மறுநாள் போட இருந்த ஊசி நிறுத்தப்பட்டது.

வராந்தாவில் பேச்சியம்மாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து சிரித்தார். நான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. புற்று என்ற வார்த்தையைச் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது.

"அப்ப நேத்து குடுத்தது?"

"நேத்து நான் சரியாப் பாக்காம குடுத்துட்டனுங்கம்மா. இன்னொரு தடவை பாத்திருக்கோணும். பாக்கலீங்க."



"நான் செக்கிங்ல இருக்கேன் அண்ணாச்சி. ஒரு பனியன வெளிய மட்டும் பாத்து பாஸ் பண்ண மாட்டோம். உள்பக்கம் திருப்பித் தையலப் பாத்துட்டுதான் ஸ்டிக்கர் ஒட்டுவோம். ஒரு நாளைக்கி எத்தன நூறு பீஸு திருப்புதேன் தெரியுமா? நீங்க எங்க வீட்டுக்காரர ஒரு தடவ திருப்பிப் பாக்கலியே."

 

பிறகு அவரே கேட்டார். "நாளைக்கி அந்த ஊசி வேண்டாம்லா?"

"வேண்டாமுங்கம்மா."

"அது போதும். மத்தத பிறகு பாப்போம்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

கோயம்புத்தூரில் ஆபரேஷன் நடந்தது. கட்டி பெரிது என்றாலும் ஈரலின் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தது, மிச்ச ஈரல் கெட்டுப்போகவில்லை. அந்தப் பக்கத்தை அப்படியே எடுத்தார்கள். டியூப் வைத்திருந்தால் அது இப்படி முழுதாக வந்திருக்குமா என்பது சந்தேகம் என்று அங்குள்ள டாக்டர் சொன்னதாக எங்கள் டாக்டர் சொன்னார். வைரஸுக்கு மாத்திரை ஆரம்பித்தார்கள். சில வாரங்களுக்கு ஒரு தடவை ரத்தம் வந்தது. பத்தாயிரம் மடங்கு நீர்த்துப் பார்க்க வேண்டியிருந்த ரத்தத்துக்கு ஆயிரம் மடங்கு போதுமென்று ஆனது, பிறகு நூறு மடங்கு, கடைசியில் நீர்க்காமலே அளக்கும்படி ஆனது.

நோட்டிலிருந்து டிக் போடும் கட்டத்தை டாக்டர் எடுத்துவிட்டார். இனி இரண்டு எண்களையும் எழுத வேண்டும். "டிக்கு ஈஸியாப் பொய் சொல்லுமுங்கண்ணா. நம்பர் பொய் சொல்லறதுக்குக் கொஞ்சம் கஷ்டப்படோணும்" என்றார். அதைச் சொல்லும்போதுதான் முதல்முறையாகச் சிரித்தார். அந்தச் சம்பவத்தை அதற்குப் பிறகு அவர் ஒரு நாளும் எடுத்ததில்லை, யாரிடமும் சொன்னதுமில்லை. எத்தனையோ பெரிய டாக்டர்களோடு நான் வேலை பார்த்திருக்கிறேன். தப்பைப் பூசி மறைக்காமல், தப்பு செய்தவனையும் பூசி மெழுகாமல், அதே ஸ்டூலில் மறுபடி உட்கார வைத்தவர் அவர் ஒருவர்தான்.

ஆறு மாதம் கழித்து வந்த முதல் நார்மல் ரிப்போர்ட்டைப் பேச்சியம்மாள் வாங்கிப் பார்த்தார். நன்றி சொல்லவில்லை.

"உள்பக்கத்தக் காட்டுங்க அண்ணாச்சி."

நோட்டை விரித்துக் காட்டினேன். நீர்க்காத எண், அதன் கீழே நீர்த்த எண். சரியாக இருந்தால் கீழே உள்ளது மேலே உள்ளதைவிடச் சின்னதாக இருக்க வேண்டும், பெரிதாக இருந்தால் ஆபத்து என்று சொல்லிக்கொடுத்தேன். விரலை வைத்து இரண்டையும் பார்த்தார், தலையை ஆட்டினார், போனார். அதற்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கவுன்ட்டருக்குப் பின்னால் வந்து நோட்டைப் பார்ப்பது வழக்கமானது. என்னை நம்பவில்லை என்பது எனக்குக் குறையாகத் தோன்றவில்லை.

நித்யா கேள்வி கேட்ட இரண்டாம் நாள் அவர் வந்தார். கூடவே சுடலைமுத்துவும், கொஞ்சம் இளைத்து, ஆனால் சொந்தக் காலில் படியேறி. நித்யா புது மெஷின் கொடுத்த தாளை நீட்டினாள். அதில் ஒரே ஒரு எண்.

"இன்னொரு நம்பர் எங்க தாயி?"

"மெஷின் அதுவா நீர்த்துப் பாத்துக்குமுங்கக்கா. அதிகமா இருந்தா அதுவே சொல்லிரும்."

"அது திருப்பிப் பாத்துச்சுன்னு யாரு பாத்தா?"

நித்யா என்னைப் பார்த்தாள். நான் எழுந்து பிப்பெட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அவளே நீர்த்தாள், மெஷினில் வைத்தாள், கொஞ்ச நேரத்தில் எண் வந்தது. பழைய நோட்டை எடுத்து, என் கையெழுத்து முடிந்த இடத்துக்குக் கீழே அவள் கையெழுத்தில் இரண்டையும் எழுதினாள். கீழே உள்ளது சின்னது.

பேச்சியம்மாள் குனிந்து விரலை வைத்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார், ஐந்து வருஷமாகச் சொல்லாத ஒரு வார்த்தையைச் சொன்னார்.

"பாஸ் அண்ணாச்சி."